தொட்டி காலி

லாஸ் அல்மெஹாஸ், டெக்சஸ்
பிப்ரவரி 11

தங்கச்சி ஒத்திலியாவுக்கு,

அன்று என் வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு எவரும் "நான் அங்கே இல்லை" என்று நழுவக் கூடாது. முற்றத்தில் நான். என் பக்கத்தில் பேத்தி யாதிரா. வேலிக்கு அந்தப் பக்கம் இறால் படகுக்காரன் கசிமிரோ, அவன் மனைவி நிக்கானோரா. நாய் சார்ஜென்ட். வீட்டுக்குள்ளே, கூடத்துச் சுவரில் படமாக, நம் தம்பி எலெயாசர். அவ்வளவு பேர்தான். உன் உடம்பு எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். எனக்கு இடது முழங்கால் மோசம், வலது அதைவிட மோசம்.

போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறாள் என்று உன் புருஷன் வால்டர் கேட்டால் சொல்: அம்மா சாவுக்கு நீ வராத அன்று, இனி உன்னோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.

கடற்கரையில் ஒரு சின்ன ராக்கெட் கம்பெனி வந்திருக்கிறது என்று கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தேன். யாதிரா அங்கேதான் தொட்டிகளுக்கு வெல்டிங் செய்கிறாள். போன வாரம் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். இத்தனை மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வெளியே நிற்கவும், ஜன்னல்களைத் திறந்து வைக்கவும் என்று. நின்றோம். தூரத்தில் வெள்ளித் தூண் மாதிரி ஒரு தொட்டி. திடீரென்று அதன் இடுப்பு கிழிந்தது. நெருப்பு இல்லை, வெள்ளை மேகம் மட்டும். சத்தம் பிறகு வந்து நெஞ்சில் மோதியது. நாய் படுக்கைக்கு அடியில் போனதுதான், மறுநாள்தான் வெளியே வந்தது.

இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கைதட்டினாள்! அவள் போனிலும் கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டுகிற சத்தம்.

"ஒடைஞ்சு போச்சுடி, கைதட்டுறியே?" என்றேன்.

"ஒடைக்கத்தான் பாட்டி வச்சோம். எம்புட்டுத் தாங்கும்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. கிழிஞ்சது நான் வெல்டிங் வச்ச தையல் இல்ல, பாத்தீங்கல்ல? அது கூட வேலை பாக்கற ரிகோவோடது."

கசிமிரோ வேலிமேல் சாய்ந்துகொண்டு, "என் படகு முழுகினப்ப நானும் கைதட்டியிருக்கணும்போல. தெரியாம அழுதுட்டேன்" என்றான்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஜன்னல் எல்லாம் சரியாக இருக்கிறது. எலெயாசர் படத்துக் கண்ணாடி மட்டும் குறுக்கே விரிசல்.

உன் புருஷன் முப்பது வருஷம் ராக்கெட்டில் வேலை பார்த்தவன். கேட்டுச் சொல். அவன் இடத்தில் உடைந்தால் கைதட்டுவார்களா? கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

உன் வீட்டில் எல்லாருக்கும் கடவுள் துணை. வால்டருக்கும்தான்.

உன் அக்கா
எர்மினியா

*

டைட்டஸ்வில், ஃபுளோரிடா
மார்ச் 2

அன்புள்ள அக்கா,

உங்கள் முழங்கால்களுக்கு என் வணக்கம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவருக்குக் காது சரியில்லை, அதனால் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். கைதட்டிய இடத்தில் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாள் ஆகிறது!

"எங்க எடத்துல கைதட்டியிருந்தா வேலை போயிருக்கும்" என்கிறார். ஒரு ஆணி என்றால் அதை எங்கே வாங்கினார்கள், யார் சோதித்தார்கள், யார் முடுக்கினார்கள், யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள் என்று அத்தனைக்கும் தாள் உண்டாம். அப்படிப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் இவர். "நாங்க ஒண்ணு செஞ்சோம். அது பறந்தே ஆகணும். அதனால தரையில இருக்கறப்பவே எல்லாத் தப்பையும் யோசிச்சுப் பாத்துரணும். அவங்க பத்து செய்யறாங்க. ஒம்பது ஒடைஞ்சாலும் பத்தாவது பறக்கும். அவங்களுக்கு இரும்பு மலிவு, எங்களுக்குத் தாள் மலிவு."

இரண்டில் எது பத்திரம் என்று கேட்டேன். யாதிராவிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். உடைகிறபோது ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்? எல்லாம் முடிந்த பிறகு முதலில் உள்ளே போகிறவர் யார்?

ஆரஞ்சு மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஒரு பெட்டி அனுப்புகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்
ஒத்திலியா

*

லாஸ் அல்மெஹாஸ்
மார்ச் 14

ஒத்திலியா,

ஆரஞ்சு வந்தது. மூன்று அழுகல். மற்றவை இனிப்பு. நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன்.

தம்பி படத்துக் கண்ணாடி விரிசல் விட்டது என்று எழுதினேன். கைதட்டியதற்கு ஒரு பக்கம் பதில், ஆணிக்கு அரைப் பக்கம், அவனுக்கு ஒரு வரி இல்லை. குறித்துக்கொண்டேன். அம்மாவின் தையல் மெஷினை "ஒரு வாரத்துக்கு" என்று நீ கொண்டுபோனதற்குப் பக்கத்தில் இதையும் வைத்திருக்கிறேன்.

வால்டரின் முதல் கேள்விக்குப் பதில்: உடைகிற அன்று அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. போலீஸ் வண்டி சாலையை மறித்து நிற்கிறது. எல்லாரும் மைல் கணக்கில் தள்ளி.

நானும் யாதிராவோடு சண்டை போட்டுப் பார்த்தேன். "உன் சின்னத் தாத்தா வழிதான் சரி. யோசிச்சுச் செய்யறவன்தான் மனுஷன்" என்றேன். அவள் கல்லில் டார்ட்டியா ரொட்டியைத் திருப்பிக்கொண்டே, "பாட்டி, நீங்க மொதல் டார்ட்டியாவை எத்தனை நாள் யோசிச்சுச் சுட்டீங்க?" என்றாள். நான் எவ்வளவு கருக்கினேன் என்பது உனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டேன். "பத்து வருஷம் ஒக்காந்து கணக்குப் போட்டாலும் நமக்குத் தோணாத தப்பு நமக்குத் தோணாதுல்ல? இரும்பைத்தான் கேக்கணும். ஒடைச்சாத்தான் அது வாயைத் திறக்கும்" என்கிறாள்.

எனக்கு இது பிடித்திருக்கிறது, ஒத்திலியா. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் ஒன்று கேட்டேன்: "அதுல மனுஷனை ஒக்கார வச்சா?"

"அதுக்குள்ள நூறு ஒடைச்சிருப்போம். ஒடையறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

நூற்றியோராவது தப்பு என்று ஒன்று இருக்காதா? வால்டரிடம் கேள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: முதலில் உள்ளே போகிறவள் அவளேதான். ஆள் நுழைகிற ஓட்டை சின்னது, இவளுக்கு ஒல்லி உடம்பு. தொட்டியில் நைட்ரஜனைத் தண்ணீர் மாதிரி ஊற்றிச் சோதித்து, வடித்த பிறகு, இவள் ஏணியில் இறங்கித் தையலை எல்லாம் விளக்கடித்துப் பார்ப்பாள். "யாதிரா சரின்னாத்தான் சரி" என்று சொல்கிறார்களாம். நிக்கானோராவிடம் இதை நான் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

எர்மினியா

*

டைட்டஸ்வில்
ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அவருக்கு உடம்பு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து காலையில் எழுந்து பின்வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்.

மூன்று விஷயம் எழுதச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன். யாதிரா உள்ளே இறங்குவதற்கு முன்னால் வெளியே இருப்பவர்கள் என்ன வார்த்தை சொல்கிறார்கள்? காற்றை அளக்கிற சின்ன மீட்டர் அவள் சட்டையில் இருக்கிறதா? மூன்றாவது: உள்ளே யாராவது விழுந்துகிடந்தால் யாதிரா அவர் பின்னால் போகக் கூடாது. யாராக இருந்தாலும். வெளியே நிற்க வேண்டும்.

இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

நூற்றியோராவது தப்பு பற்றிய உங்கள் கேள்வியையும் சொன்னேன். "உன் அக்கா மூணாங் கிளாஸோட நிறுத்தினது நல்லதாப் போச்சு, இல்லேன்னா எனக்கு அதிகாரியா வந்திருப்பா" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திலியா

*

லாஸ் அல்மெஹாஸ்
மே 4

ஒத்திலியா,

நலம், நலமறிய ஆவல், இத்யாதி.

உன் புருஷன் எப்படிப்பட்ட மனுஷன்? விழுந்தவனை விட்டுவிட்டு வெளியே நில் என்று ஒரு கிறிஸ்தவன் சொல்வானா? நம் வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லை. எலெயாசருக்கு ஒன்பது வயதில், கசிமிரோவின் தங்கை படகுத்துறையிலிருந்து விழுந்தபோது, பெரிய ஆண்கள் எல்லாம் கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். இவன் பூட்ஸோடு குதித்தான். அம்மா "நில்லுடா, நில்லுடா" என்று கத்தியது அவன் காதில் ஏறினால்தானே? அவன் எதற்குத்தான் நின்றிருக்கிறான்? டார்ட்டியாவைக் கல்லிலிருந்தே எடுத்து விரல் எல்லாம் கொப்புளம். அப்படிப்பட்டவன் உன் புருஷன் வாங்கிக்கொடுத்த வேலைக்குப் போய் இருபத்திரண்டு வயதில் இதயம் நின்று செத்தான். இருபத்திரண்டு வயதில் யாருக்கு இதயம் நிற்கிறது? அன்றே கேட்டேன். பதில் இல்லை.

அந்த மூன்றாவதை யாதிராவிடம் சொல்ல மாட்டேன். கோழையாக அவளை நான் வளர்க்கவில்லை.

மற்ற இரண்டையும் கேட்டேன். சூப்பர்வைசர் கெண்டல் என்று ஒருவன் இருக்கிறான், முப்பது வயதுகூட இருக்காது. வெளியே குழாய் வழியாக எல்லாம் வடிந்ததும் வாக்கிடாக்கியில் "தொட்டி காலி" என்பானாம். உடனே இவள் இறங்குவாளாம். மீட்டர் இருக்கிறதாம், அலுவலகப் பெட்டியில். யாராவது போய் எடுத்து வந்தால் உண்டு. "அடுத்த தொட்டி காத்துக்கிட்டிருக்கு பாட்டி, அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்கிறாள். காலி என்றால் காலிதானே? அதில் அளக்க என்ன இருக்கிறது?

கோபமாக இருந்தாலும் கேட்கிறேன், சர்க்கரை எப்படி இருக்கிறது?

எர்மினியா

*

டைட்டஸ்வில்
மே 9

அக்கா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நலம் விசாரிக்க இப்போது என் கை வரவில்லை.

காலி என்றால் காலி இல்லை. திரவம் வடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே நைட்ரஜன் நிரம்பி நிற்கும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுகிற மாதிரிகூடத் தெரியாது. இரண்டு மூச்சு. அவ்வளவுதான், கால் மடங்கிவிடும்.

எலெயாசருக்கு இதயம் நின்றது என்று நான் சொன்னது பொய் இல்லை. ஏன் நின்றது என்பதைத்தான் சொல்லவில்லை.

இங்கே ராக்கெட்டின் அடிப்பகுதி அறையில் தீப்பிடிக்காமல் இருக்க அதே நைட்ரஜனை நிரப்புவார்கள். காப்பாற்றுவதற்காக வைக்கிற காற்று அது. அன்று ராக்கெட் ஏவும் ஒத்திகை முடிந்தது. நைட்ரஜனை எடுத்துச் சாதாரணக் காற்று மாற்றியாயிற்று என்று தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஆனால் ஒத்திகை நேரம் தள்ளிப்போனதில் ஒரு ஷிப்ட் போய் இன்னொரு ஷிப்ட் வந்தது. மாற்றவே இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. "அறை காலி, போகலாம்" என்று சொன்னார்கள். ஒரு பிசகும் இல்லாத தாள், அக்கா. அவர் வாழ்நாளில் பார்த்ததிலேயே சுத்தமான தாள்.

அவர்தான் முதலில் உள்ளே போனார். விழுந்தார். வாசலில் எலெயாசர் நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இருந்த ஆள் சட்டையைப் பிடித்து, "நில்லு, ஆக்சிஜன் மாஸ்க் வந்துக்கிட்டிருக்கு" என்றானாம். அந்த ஆள் கையில் ஒரு பொத்தான் மட்டும் மிஞ்சியது. எலெயாசர் உள்ளே போய் அவரை வாசல்வரை இழுத்து, தலையை வெளியே தள்ளிவிட்டான். பிறகு அங்கேயே, களைத்தவன் மாதிரி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

என் புருஷனைக் காப்பாற்றத்தான் உங்கள் பிள்ளை செத்தான் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? அடுத்த வருஷம் அம்மா போனபோது, ராக்கெட் தள்ளிப்போகிறது, அவருக்கு லீவு இல்லை என்று எழுதினேன். ராக்கெட் தள்ளிப்போகவில்லை. அந்த வீட்டுக்குள் என்னால் நுழைய முடியவில்லை, அக்கா.

யாதிராவிடம் சொல்லுங்கள். எங்களைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒத்திலியா

*

டைட்டஸ்வில்
ஜூன் 16

அன்புள்ள அக்கா,

நலமா? உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவர் வாசலில் நிற்கிறார். ஒரே வார்த்தை எழுதினால் போதும். சொன்னீர்களா?

ஒத்திலியா

*

லாஸ் அல்மெஹாஸ்
ஜூலை 20

ஒத்திலியா,

சொன்னேன். உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே, அவள் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னேன். உனக்கு எழுதவில்லை. நிம்மதியைக் கொடுக்க மனம் வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் நீ என்னைக் காக்க வைத்தாய், நான் உங்களை இரண்டு மாதம் காக்க வைத்தேன். இன்று எழுதுகிறேன், ஏனென்றால் நடந்திருக்கிறது. முதலில் இதைப் படி: யாதிரா நலம்.

உன் கடிதத்துக்குப் பிறகு முதல் தொட்டியை இரண்டு வாரம் முன்னால்தான் சோதித்து வடித்தார்கள். கெண்டல் "தொட்டி காலி" என்றான். இவள் மீட்டர் வராமல் இறங்க மாட்டேன் என்றாள். வேலையே போனாலும் சரி என்று முந்தைய நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"என்ன, பாட்டி கதை ஏதாவது கேட்டுட்டு வந்தியா?" என்றானாம் கெண்டல்.

"ஆமா, கேட்டுட்டுத்தான் வந்தேன். போய் எடுத்துட்டு வாங்க."

அந்தக் கிழிந்த தையல்காரன் ரிகோ இருக்கிறானே, அவனுக்கு எப்போதும் அவசரம். "நீ உன் மீட்டரோட வா, நான் பாத்துட்டு வந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான். இவள் பிடிக்கப் பார்த்திருக்கிறாள், கைக்கு எட்டவில்லை. ஏணியின் அடியில் உட்கார்ந்தான். பிறகு படுத்தான்.

இவள் உள்ளே போகவில்லை, ஒத்திலியா. காற்று ஊதுகிற விசிறியின் பெரிய குழாயை இழுத்து ஓட்டைக்குள் திணித்தாள். மாஸ்க், மாஸ்க் என்று அலறினாள். பின்னால் ஓடிவந்த ஒருவன் இறங்கப் பார்த்தான், அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் இவள் தோளில் உதைத்திருக்கிறான். விடவில்லை. மாஸ்க் போட்டவர்கள் வந்து ரிகோவைத் தூக்கினார்கள். மூச்சு இருந்தது. இப்போது வீட்டில் இருக்கிறான், யாரைப் பார்த்தாலும் முதலில் பெயர் மாற்றிச் சொல்கிறான். சரியாகிவிடும் என்கிறார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவள் கைகழுவாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "உள்ள ஓடறது சுலபம் பாட்டி. நிக்கறதுதான் கஷ்டம்" என்றாள். தோளில் பூட்ஸ் தடம் நீலமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ரிகோவின் அம்மா ஃபிடென்சியா வாசலில் வைத்து, எல்லார் காதிலும் விழ, "என் பிள்ளை கெடக்கறான், இவ நின்னு வேடிக்கை பாத்தா" என்றாள். எனக்கு முழங்கால் இருந்ததே மறந்துவிட்டது. "வேடிக்கை பாத்தவளாலதான் நீ இன்னிக்கு அவனுக்குக் கஞ்சி ஊத்தறே. என் தம்பி வேடிக்கை பாக்கல. அவனுக்குப் பூ வச்சுத்தான் எனக்குப் பழக்கம்" என்றேன்.

அப்புறம் கோயில் கூடத்தில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நன்றாகப் பேசுகிற ஒரு பெண் வந்திருந்தாள், குற்றம் எங்களுடையதுதான் என்று மறைக்காமல் சொன்னாள், அதற்காக அவளை நான் மதிக்கிறேன். கடைசியில், "இதுலேர்ந்து நாங்க நிறையக் கத்துக்கிட்டோம்" என்றாள். பின்வரிசையில் இருந்த கம்பெனிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பழக்கதோஷம்!

எழுந்தேன். "எதுக்கு இப்பக் கைதட்டினீங்க?" என்று கேட்டேன். "தொட்டி ஒடைஞ்சா தட்டுங்க, நானும் வந்து தட்டறேன். அது இரும்பு. மனுஷனை எறக்கிப் பாத்துக் கத்துக்கறதுக்கா கைதட்டு? அதுவும் இந்தப் பாடத்தை என் தம்பி அந்தக் காலத்துலயே படிச்சு முடிச்சுட்டான். ஒருத்தரும் அவன்கிட்டேர்ந்து வாங்கிப் படிக்கலியா?"

அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் பெயரைக் கேட்டாள்.

நியாயத்தையும் எழுத வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லார் சட்டையிலும் மீட்டர். அது பச்சை காட்டாமல் எவரும் தலையைக்கூட நீட்ட முடியாது. "காலி" என்ற வார்த்தையையே தடை செய்துவிட்டார்கள். "வடிஞ்சாச்சு" என்று ஒருவன் சொல்ல வேண்டும், "மூச்சு விடலாம்" என்று இன்னொருவன் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் சொல்லக் கூடாது. உன் புருஷன் இடத்தில் இதற்கு எத்தனை நாள் ஆனது? வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

எர்மினியா

*

டைட்டஸ்வில்
ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்கா,

யாதிராவின் தோளுக்கு என் முத்தம். உங்கள் முழங்கால்களுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் உடம்பு பரவாயில்லை. "யாதிரா நலம்" என்ற வரியைப் படித்ததும் அவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மீதியை மறுநாள்தான் கேட்டார். இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"எர்மினியா, உங்க கேள்விக்குப் பதில். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கமிட்டி போட்டாங்க, விசாரிச்சாங்க, தலகாணி கனத்துல ஒரு புத்தகம் போட்டாங்க. நல்ல புத்தகம். அதுலயும் காலிங்கற வார்த்தையைத் தடை பண்ணினோம். எங்க ஆட்கள் யாரும் அப்புறம் அதுல விழல. ஆனா அந்தப் புத்தகம் எங்க அலமாரியிலேயே இருந்துடுச்சு. உங்க ஊர்ப் பசங்க பொறக்கறதுக்கு முன்னாடி வந்த புத்தகம். நாங்க கொடுக்கல, அவங்க கேக்கல.

"எது பத்திரம்னு ஒத்திலியா கேட்டா. எனக்குத் தெரியல. அவங்க ஒடைக்கற அளவுக்கு நாங்க ஒடைச்சிருந்தா, எங்க ராக்கெட் எங்களுக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும். நாங்க எழுதற அளவுக்கு அவங்க எழுதியிருந்தா, ரிகோ எறங்கியிருக்க மாட்டான். நாங்க ஒடையக் கூடாதுன்னு பாத்தோம், அவங்க ஒடையட்டும்னு பாக்கறாங்க. ரெண்டு பேர் கண்ணும் ராக்கெட் மேல. கதவுகிட்ட நிக்கறவனை யாரும் பாக்கல.

"அவன் என்னைத் தள்ளினப்ப என் சட்டைக் காலர் கிழிஞ்சுது. இன்னும் வச்சிருக்கேன். மன்னிப்பு கேக்கற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல. கேட்டுட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். தையல் மெஷின் தனிப் பெட்டியில் வருகிறது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. படத்துக்குப் புதுக் கண்ணாடியும் அதிலேயே வைத்திருக்கிறேன். அளவு எனக்கு நினைவிருக்கிறது.

ஒத்திலியா

*

லாஸ் அல்மெஹாஸ்
செப்டம்பர் 2

தங்கச்சி ஒத்திலியாவுக்கு,

மெஷின் வந்தது. மூடியில் ஒரு கீறல் இருக்கிறது, கொண்டுபோகும்போது இல்லை. கண்ணாடி அளவாகப் பொருந்தியது. நானும் முழங்கால்களும் நலம்.

யாதிரா வேலைக்குப் போகிறாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது "மூச்சு விடலாம்" என்று சொல்கிற ஆள் அவள்தான். அவள் சொல்கிற வரை கெண்டல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ரிகோ இரண்டு நாள் முன்னால் என் வீட்டுக்கு வந்து என் பெயரைச் சரியாகச் சொன்னான். ஃபிடென்சியா பின்னாலேயே ஒரு தட்டில் சோளமாவு டமாலே கொண்டுவந்தாள். உப்பு அதிகம். சாப்பிட்டேன், அவளை விட்டுவிட்டேன். கெண்டல் ரிகோவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதானாம். அவனையும் போகட்டும் என்று விட்டேன்.

வால்டரிடம் சொல்: விழுந்தவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பச்சை விளக்கைப் பார்த்து உள்ளே போனவன் வேறு என்ன செய்வான்? அந்தச் சட்டையை அவன் வைத்துக்கொள்ளட்டும். உன்னைப் பற்றி நிறைய யோசித்தேன். நான் செய்த சத்தியத்துக்குப் பாதிரியாரிடம் வழி கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்கிறேன். எடு.

நாளைக்கு இன்னொரு தொட்டி உடைக்கப்போகிறார்கள். கதவில் தாள் ஒட்டியாயிற்று. இந்தத் தடவை தையல் எதுவும் கிழியாது, மூடிதான் பிய்த்துக்கொண்டு போகும் என்று யாதிரா சொல்கிறாள். கசிமிரோ தையல்தான் என்கிறான், பந்தயம் கட்டியிருக்கிறோம். எனக்கு ஆவலாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்? கண்ணாடி போகக் கூடாது என்று படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்காரப் போகிறேன். அவனும் பார்க்கட்டும்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து ஒன்று நெஞ்சை விட்டு இறங்கவில்லை. யாதிராவுக்கு இருபத்து மூன்று வயது. அவளால் நிற்க முடிந்தது. தோளில் உதை வாங்கிக்கொண்டு நின்றாள். அவன் சட்டையையும் ஒருவன் பிடித்தான், "நில்லு" என்றான், மாஸ்க் வந்துகொண்டிருந்தது. அம்மா படகுத்துறையில் கத்தியதும் அதே வார்த்தைதான். அவன் நின்றிருந்தால் வால்டர் போயிருக்கலாம், நீ கறுப்பு உடுத்தி எங்களிடம் திரும்பி வந்திருப்பாய். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் யாரோ ஒருவர் குறைகிறார். உன் புருஷன் உயிரோடு இருப்பதற்காகச் சந்தோஷப்படுகிறேன், அது வேறு. எங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு பொத்தானை மட்டும் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நிற்காமல் போனவனை நான் மன்னிப்பதாக இல்லை.

எலெயாசரை.

உன் அக்கா
எர்மினியா